பதிவு ஏற்கப்படவில்லை

முருகலட்சுமிக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. விசைப்பலகைதான் சத்தம் போடும். கீழ்வீட்டில் தறி ஓட்டும் சௌந்தர், தறியை நிறுத்தியிருக்கும் நேரமானால், படிக்கட்டில் தலையை நீட்டி, "யாருக்கா இன்னைக்கு மாட்டுனது?" என்பான். பிறகு உள்ளே போய் மனைவியிடம் கன்னடத்தில் ஏதோ சொல்லிச் சிரிப்பான். குடிவந்த புதிதில் அது அவளுக்குப் புரியவில்லை. இப்போது பாதி புரியும்.

"எனக்குக் கேக்குது சௌந்தர்" என்று மேலிருந்து சொல்வாள்.

அருப்புக்கோட்டையில் அந்த மாடி அறைதான் அவளுக்கு வீடும் தொழிலிடமும். இணையத்தில் ஓடும் செயலிகளை எழுதுகிறாள். பருப்பு மில்லுக்குச் சரக்கு வந்ததையும் போனதையும் காட்டும் ஒன்று. கல்யாண மண்டபத்துக்கு நாள் பதியும் ஒன்று. வீரசோழன் ஜவுளிக்கடைக்கு ஆர்டர் வாங்கும் ஒன்று. வாசலில் போர்டு கிடையாது. ஆனாலும் கம்ப்யூட்டர் இருப்பது தெரிந்து ஆதார் திருத்தவும் ஜெராக்ஸ் எடுக்கவும் ஆட்கள் மாடியேறி வருவார்கள். இங்கே அது இல்லை என்பாள். "அப்ப சும்மாதான் உக்காந்திருக்கீகளா?" என்று கேட்டுவிட்டு இறங்குவார்கள்.

பரளச்சிக்குக் கிழக்கே ஒரு கரிசல் ஊரில் பிறந்தவள். அப்பா மானாவாரியில் கொத்தமல்லியும் குதிரைவாலியும் போட்டார். இப்போது அவர் இல்லை. அம்மா, தம்பி மாரிக்கண்ணனோடு இருக்கிறாள். முருகலட்சுமி கல்லூரி முடித்துச் சென்னை போய், ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கு ஆண்டுக்கணக்கில் எக்ஸ்எம்எல் எழுதினாள். ஒவ்வொரு தகவலையும் பெயர் எழுதிய பெட்டிக்குள் வைக்கும் முறை அது. பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் இன்னொன்று. திறந்த பெட்டியை அதே பெயரால் மூட வேண்டும். ஒன்றை மூட மறந்தாலும் மொத்தக் கோப்பும் செல்லாது. அந்தக் கண்டிப்பு அவளுக்குப் பிடித்திருந்தது. எது எதற்குள் இருக்கிறது என்பதில் அங்கே மழுப்ப முடியாது.

சென்னையில் அவளுக்குக் கல்யாணமும் நடந்தது. அவன் அடித்தான். மறுபடி அடித்தபோது திருப்பி அடித்தாள். அதற்குப் பிறகு அவள் அங்கே இல்லை. விவாகரத்து முடிந்து ஊர்ப்பக்கம் வந்தவள், ஊருக்குள் போகாமல் அருப்புக்கோட்டையிலேயே அறை எடுத்தாள். தம்பி ஒருமுறை கூப்பிட்டான். தம்பி மனைவி கூப்பிடவில்லை. அதற்கு அவள் யாரையும் குறை சொல்லவில்லை.

போன ஐப்பசியில் மாரிச்சாமி பெரியப்பா படியேறி வந்தார். அப்பாவோடு கூடப் பிறந்தவர் இல்லை, பங்காளி வகையில் பெரியப்பா. கரிமூட்டம் போட்டு லோடு அனுப்புகிறவர். அவர்களுடைய குலசாமியான இருளப்பசாமி கோயில் விழாக் குழுவுக்கு அவர்தான் தலைவர். பின்னாலேயே மாரிக்கண்ணன் வந்து சுவரோரம் நின்றான்.

"என்னத்தா, காத்தோட்டமா வெச்சிருக்க."

"உக்காருங்க பெரியப்பா."

"நம்ம பங்காளிகள்ல பாதிப்பேரு திருப்பூர்ல கெடக்கான், துபாய்ல கெடக்கான். மாசிக் களரிக்கு எவன் வாரான் எவன் வரலைன்னே தெரியல. கூறு போட்டா பத்த மாட்டேங்குது, இல்லைன்னா மிஞ்சிப் போவுது. போன வருசம் கூறு பத்தாம அருவாளைத் தூக்கிட்டாங்கெ. இதுக்கு நெட்டுல ஒரு வழி செய்யணும். தலைக்கட்டு பூராம் அதுல இருக்கணும். அவனவன் இருக்குற எடத்துலருந்தே வாரேன்னு பதியணும். டோக்கன் வரணும்."

கூறு என்பது அந்தக் கோயிலின் வழக்கம். குலசாமிக்கு இரவில் நடக்கும் களரி என்ற பூசை முடிந்த காலையில் நேர்ந்த கிடாய்களை வெட்டி, கறி முழுவதையும் ஒன்றாகக் கொட்டி, தார்ப்பாயில் சம அளவாகக் குவித்து வைப்பார்கள். தலைக்கட்டு என்று கணக்கிடும் குடும்பத்துக்கு ஒரு குவியல். அரைக் கிலோகூடத் தேறாது. ஆனால் இன்னார் இந்தக் கோயிலுக்குச் சொந்தம் என்பதற்கு அந்தக் குவியலைத் தவிர வேறு அத்தாட்சி கிடையாது. சிங்கப்பூரிலிருந்து ஒருவர் அந்த அரைக் கிலோவுக்காக விமானம் ஏறி வந்திருக்கிறார்.

முருகலட்சுமி கூலி பேசவில்லை. ஒன்றுதான் கேட்டாள்.

"எனக்கு ஒரு கூறு வேணும் பெரியப்பா. என் பேருக்கு."

அவர் தலையைச் சொறிந்தார். தம்பி தரையைப் பார்த்தான். புருசன் வழிக் கோயிலில் அவள் பெயரை எடுத்துவிட்டார்கள். பிறந்த வழிக் கோயிலில் கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு இடமில்லை. இரண்டு இடத்திலும் இல்லாதவள் அவள். மூவருக்கும் அது தெரியும்.

"செஞ்சு குடு ஆத்தா" என்றார் பெரியப்பா. "ஊரே ஒன்னைய மெச்சட்டும். களரியன்னைக்கு நானே எந்திரிச்சு நின்னு சொல்றேன், இந்தப் பிள்ளைக்கு ஒரு கூறு போடுங்கப்பான்னு. யாரு மறுக்கப் போறா?"

அவள் நம்பினாள். அன்றைக்கே ஆரம்பித்தாள்.

பெயர்கள் வாட்ஸப்பில் குரலாக வந்தன. "எழுதிக்கத்தா, கருப்பையா மகன் இருளப்பன். இருளப்பன் மகன் கருப்பையா. பெறகு அவன் மகன் இருளப்பன்." பின்னால் ஆடு கத்தும், டிராக்டர் போகும். கேட்டுக் கேட்டு ஒவ்வொருவரையும் அவரவர் தகப்பன் பெட்டிக்குள் போட்டாள். நபர் என்று ஒரு வகுப்பு, அதாவது நிரலில் பொருள்களை வார்க்கும் அச்சு, எழுதினாள், தலைக்கட்டு என்று இன்னொன்று. அவள் கற்ற முறையில் நிரலுக்குள் இருக்கும் ஒவ்வொரு பொருளும் தன் விவரத்தைத் தானே வைத்திருக்கும், தன் வேலையைத் தானே செய்யும். தலைக்கட்டைப் பார்த்து "உனக்குக் கூறு உண்டா?" என்று கேட்டால், உண்டு அல்லது இல்லை என்று அதுவே பதில் சொல்ல வேண்டும். கேட்கிறவன் அதன் உள்ளே கைவிட்டுத் துழாவக் கூடாது.

முதன்முறை ஓட்டியபோது கம்ப்யூட்டர் திணறி நின்றது. ஒருநாள் முழுக்கத் தேடினாள். தவறு அவளுடையதுதான். ஒருவரை அடையாளம் காண அவருடைய பெயரும் தகப்பன் பெயரும் போதும் என்று வைத்திருந்தாள். சென்னையில் இருந்தபோது இப்படி எழுதியிருக்க மாட்டாள். அங்கே எல்லோருக்கும் ஒரு எண் இருந்தது. ஊரில் இன்னார் மகன் இன்னார் என்றால் போதும், அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. அந்தப் பழக்கம் அவள் கைக்கு வந்துவிட்டது. ஆனால் ஊரில் பேரனுக்குத் தாத்தா பெயரைத்தான் வைப்பார்கள். இருளப்பன் மகன் கருப்பையா என்று தாத்தாவும் உண்டு, அதே பெயரில் பேரனும் உண்டு. நிரல் இருவரையும் ஒரே ஆளாக எடுத்துக்கொண்டது. பேரனுக்குத் தகப்பன், அவனுக்குத் தகப்பன் என்று மேலே போனால் தாத்தா வருவார். தாத்தாதான் பேரன் என்பதால் மறுபடி தகப்பனைத் தேடும். வேருக்குப் போய்ச் சேரவே முடியாமல் சுற்றிச் சுற்றி வந்தது.

ஆளுக்கொரு எண் கொடுத்துச் சரி செய்தாள். தை மாதம் கோயில் தகரக் கொட்டகையில் குழு கூடியபோது அதைச் சொன்னாள். கொட்டகை சிரித்தது.

"ஏலே, தாத்தன் பேரனுக்கே மகனாப் பெறந்துட்டானாம்லே!"

"அந்தாளு இருந்தப்பவே அப்பிடித்தான். எவன் மகன்னே தெரியாது."

"அப்ப கருப்பையாவுக்கு ரெண்டு கூறு போடு."

கருப்பையா தாத்தா செத்துப் பல வருடம் ஆகிறது. சிரிப்பு அடங்கியதும் அவள் லேப்டாப்பைத் திறந்தாள். யாருக்குக் கூறு உண்டு என்ற விதியை நிரலில் எழுத வேண்டும். செயலிக்கு ஊர் வழக்கம் தெரியாது, ஒவ்வொன்றாகக் கேட்பேன், பதில் சொல்லுங்கள் என்றாள்.

"தலைக்கட்டுன்னா யாரு?"

"கல்யாணமான ஆம்பளை" என்றார் பெரியப்பா. "இது தெரியாதா ஒனக்கு?"

"பொண்டாட்டி செத்துட்டா?"

"தலைக்கட்டுதான்."

"பொண்டாட்டி விட்டுட்டுப் போயிட்டா?"

"அவன் என்ன செய்வான் பாவம். தலைக்கட்டுதான்."

"ரெண்டு பொண்டாட்டி இருந்தா?"

மறுபடி சிரிப்பு. மூலையில் இருந்த ஒருவர் எழுந்து கும்பிட்டார். "ஒரே கூறுதாத்தா. அதுக்கே ரெண்டு வீட்லயும் அடிதடி."

"செயில்ல இருந்தா?"

"கூறு வீட்டுக்குப் போயிரும். போன வருசங்கூடப் போச்சே."

"புருசன் செத்துட்டா?"

ஒருவர் வெளியே எட்டிப் பார்த்தார்.

கொட்டகைக்கு வெளியே கருவேல நிழலில் குருவம்மாள் ஆடுகளை அமர்த்தியிருந்தாள். பெரியப்பாவின் செத்துப்போன அண்ணனுடைய மனைவி, அவருக்கு மதினி. அந்தக் கோயிலில் முதல் வெட்டு வாங்கும் கிடாய் ஆண்டுதோறும் அவள் பட்டியிலிருந்துதான் வரும். புருசன் இருந்தபோது நேர்ந்தது, அவர் போன பிறகும் நிறுத்தவில்லை. ஆனால் அவர் போனதோடு கூறு நின்றுவிட்டது. மகன் மருதுபாண்டி துபாயில் வெல்டிங் வேலை பார்க்கிறான். இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பதால் அவனும் கணக்கில் இல்லை.

"அவுகளுக்குக் கொழுந்தன் வீட்லருந்து கொழம்பு போகும்ல" என்றார் ஒருவர்.

"கொழம்பு இல்லை. நான் கூறைத்தான் கேக்குறேன். உண்டா, இல்லையா?"

"இல்ல."

"புருசன் விட்டுட்டுப் போயிட்டா?"

"இல்ல."

"புருசனை விட்டுட்டு வந்துட்டா?"

பெரியப்பா அவள் பக்கம் பார்க்கவில்லை. "இப்ப அது எதுக்குத்தா. அதைப் பெறகு பேசுவோம்."

"பெறகுன்னு எழுத முடியாது. உண்டு, இல்ல, ரெண்டுல ஒண்ணு."

மூலையில் எழுந்து கும்பிட்டவர் சொன்னார்: "தனிக்கட்டைக்கு எதுக்குத்தா கூறு? வாங்கி நாய்க்குப் போடவா?"

கொட்டகை சிரித்தது. தம்பி மாரிக்கண்ணனும் சிரித்தான். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். அவள் 'இல்லை' என்று தட்டச்சு செய்தாள். பொத்தானின் சத்தம் தகரத்தில் எதிரொலித்தது போலிருந்தது.

அருப்புக்கோட்டை திரும்பி, விதியை எழுதி முடித்தாள். எழுதியதைச் சோதித்துப் பார்ப்பது தொழில் வழக்கம். முதலில் பெரியப்பா பெயரைக் கொடுத்தாள். ஏற்றது. ஜெயிலில் இருந்தவன் பெயரைக் கொடுத்தாள். ஏற்றது. தன் பெயரைக் கொடுத்தாள். 'பதிவு ஏற்கப்படவில்லை' என்று வந்தது. நிரலில் பிழை இல்லை. அவள் எழுதியபடியே சரியாக வேலை செய்தது. அவளே தன் கையால் எழுதி, தன் கையால் தன்னை வெளியே தள்ளியிருந்தாள். பெரியப்பா சொன்ன வார்த்தை இருக்கிறது என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அப்போதும் அவள் தனக்குக் கிடைக்கப்போகும் ஒரு கூறைத்தான் நினைத்தாள்.

தை கடைசியில் தளம் திறந்தது. திருப்பூரிலிருந்தும் கேரளத்திலிருந்தும் பதிவுகள் வந்தன. கூடவே, அவள் எதிர்பார்க்காத ஒன்றும் வந்தது. பிள்ளைகள் தங்கள் அம்மாக்களின் பெயர்களைப் பதிந்து பார்த்தார்கள். அப்பா இல்லாத வீடுகள், அப்பா இருந்தும் இல்லாத வீடுகள். துபாயிலிருந்து மருதுபாண்டி குருவம்மாள் பெயரைப் பதிந்தான். ஏற்கப்படவில்லை. மறுபடி பதிந்தான். பிறகு சித்தப்பா மாரிச்சாமிக்குப் போன் போட்டான்.

"அது ஒண்ணுமில்லப்பா, சர்வர்ல கோளாறாம். முருகலட்சுமி பாத்துக்கிட்டுருக்கா" என்றார் அவர்.

கேட்டவர்களுக்கெல்லாம் அதையே சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே அது வசதியாக இருந்திருக்க வேண்டும். ஒரு வாரத்தில் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. அவள் போனுக்கு அழைப்புகள் வந்தன. "ஏக்கா, ஒஞ் சர்வரு எப்பக்கா சரியாவும்?" "இதுக்குத்தான் மெட்ராஸ் கம்பெனிட்ட குடுக்கச் சொன்னேன்." "பொம்பளைப் பிள்ளைட்ட குடுத்தா இப்பிடித்தான்." கடைசியாகச் சொன்னவன் தன் அம்மாவைப் பதிய முடியாமல்தான் கூப்பிட்டிருந்தான்.

அடுத்து வீரசோழன் ஜவுளிக்கடை பாய் பேசினார். மரியாதையான மனிதர். சுற்றி வளைத்துத்தான் விஷயத்துக்கு வந்தார்.

"பெருநாள் ஆர்டர் வர்ற நேரம்மா. உங்க சொந்தக் கோயில் வேலையே சர்வர் படுத்துக் கெடக்குன்னு பரளச்சி டிரைவர் சொன்னான். நம்மளது அப்பிடிப் படுத்துறாதுல்ல? மதுரையில ஒருத்தரு கேட்டுக்கிட்டே இருக்காரு. அதான் யோசிக்கிறேன்."

"உங்க கடை ஒரு நாளாவது நின்னுருக்கா பாய்?"

"நிக்கலம்மா. நிக்கவே இல்ல. ஆனா சொல்றாங்கள்ல."

அவள் போனை வைத்தாள். உடனே பெரியப்பாவுக்குப் போட்டாள்.

"என் சர்வர்ல கோளாறு ஒண்ணும் கெடையாது. உங்க விதிதான் அது. நீங்க சொன்னதைத்தான் அது செய்யுது."

"தெரியும்த்தா. அதை எப்பிடிப் பெத்த பிள்ளைட்ட போன்ல சொல்றது? மனசு சங்கடப்படும்ல?"

"யாரு மனசு?"

"சர்வர்னு சொல்லிட்டா யாருக்கும் வருத்தமில்ல பாரு."

"எனக்கு?"

"நீ நம்ம வீட்டுப் பிள்ளை. ஒனக்கென்ன?"

"நம்ம வீட்டுப் பிள்ளைன்னா என் கூறு என்னாச்சு?"

"அலோ? அலோ? சிக்னல் விட்டு விட்டு வருதுத்தா" என்றார். வைத்துவிட்டார்.

சாயங்காலம் சௌந்தர் தறியை நிறுத்தியபோது மேலே விசைப்பலகை அடி வாங்கும் சத்தம் கேட்டது. அவன் படிக்கட்டு வரை வந்துவிட்டு எதுவும் கேட்காமல் திரும்பிப் போனான்.

அவள் விதியைத் தொடவில்லை. தலைக்கட்டு என்ற வகுப்பில், கூறு உண்டா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று மட்டும் வந்த பதிலோடு காரணத்தையும் சேர்த்தாள். எந்த நிபந்தனையில் தட்டியதோ அதை அந்தப் பொருளே சொல்ல வேண்டும். மறுப்பு வேறு, காரணம் வேறு என்று பிரிக்க முடியாதபடி இரண்டையும் ஒன்றாகக் கட்டினாள். பிறகு குருவம்மாள் பெயரைக் கொடுத்துப் பார்த்தாள்.

'பதிவு ஏற்கப்படவில்லை. காரணம்: பெண். விதியை வகுத்தது: விழாக் குழு.'

தன் பெயரைக் கொடுத்தாள். அதே வரி. இந்தமுறை அதைப் படித்தபோது வலிக்கவில்லை. அப்படியே தளத்தில் ஏற்றினாள்.

மறுநாளே அந்த வரியின் படம் போன் போனாகச் சுற்றியது. அதற்கடுத்த நாள் பெரியப்பா மாடியேறி வந்தார். தம்பி பின்னால் வந்தான். இந்தமுறை காற்றோட்டத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

"கோயில் மானத்தை வாங்கிட்டயே. துபாய்லருந்து வையுறான். திருப்பூர்லருந்து வையுறான்."

"விதி வெச்சப்ப மானம் போகலையா?"

"எல்லா ஊர்லயும் இருக்கு இந்த வழக்கம். நான் என்னமோ புதுசாக் கொண்டாந்த மாதிரி. அதுக்காக இப்பிடியா பச்சையா எழுதுறது?"

"வேற எப்பிடி எழுத? சொல்லுங்க, இப்பவே அடிக்கிறேன்." லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள்.

அவர் நிஜமாகவே யோசித்தார். "விதிகளுக்கு உட்படவில்லைன்னு போடு."

"எந்த விதிக்குன்னு கேப்பாங்க."

"பரிசீலனையில் உள்ளதுன்னு போடு."

"யாரு பரிசீலிக்கிறா? நீங்களா?"

"பின்னர் முயலவும்."

"பின்னர்னா? ஆம்பளையா மாறி வந்தா?"

மாரிக்கண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரியப்பா திரும்பிப் பார்த்ததும் இருமினான்.

பெரியப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரலைத் தணித்தார். "இங்க பாருத்தா. ஒன் பேரைச் சேத்துக்க. மதினி பேரையும் சேத்துரு. மருதுபாண்டி வாயடைச்சிருவான். ரெண்டு பேரு, ஒருத்தருக்கும் தெரியாது. அந்த வரியை மட்டும் தூக்கிரு. நான் வாக்குக் குடுத்தேன்ல? இதோ காப்பாத்துறேன்."

ஒரு வரி வேலை அது. இந்த இரண்டு எண்களையும் விதி தொடக் கூடாது என்று எழுதினால் போதும். மாசிக் களரியில் தார்ப்பாயில் அவளுக்கு ஒரு குவியல் இருக்கும். ஐப்பசியில் அவள் கேட்டதும் அதைத்தான், அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் அதைச் சொன்னார்.

"நீ ஊருக்காகவா கேட்ட? ஒனக்குத்தான கேட்ட?"

அது உண்மை. அந்த உண்மையை அவர் வாயால் கேட்டதுதான் அவளுக்கு எரிந்தது. திரையில் ஏற்கப்படாத பெயர்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றையும் ஒரு பிள்ளை எங்கோ ஓர் ஊரில் உட்கார்ந்து தட்டச்சு செய்திருந்தது.

"பேரை எழுத அங்க எடமில்ல பெரியப்பா. விதியைத்தான் மாத்தலாம். எல்லாருக்கும் மாத்துறதுன்னா சொல்லுங்க."

"அது நடக்காது."

"அப்ப இதுவும் நடக்காது."

"திமிரு" என்றார் அவர், எழுந்துகொண்டே. "இந்தத் திமிருதான் ஒன்னைய வாழவிடல."

விசைப்பலகை மேல் இருந்த அவள் கை எழும்பியது. மடக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

களரி முடிந்து விடிந்ததும் அவள் கோயிலுக்குப் போனாள். டோக்கன் அச்சடிப்பதாக ஒப்புக்கொண்டிருந்தாள், ஒப்புக்கொண்டதைச் செய்தாள். தகரக் கொட்டகையில் லேப்டாப்பும் சின்ன பிரிண்டரும் இருந்தன. ஆண்கள் வரிசையில் வந்தார்கள். பெயரைச் சொன்னார்கள், டோக்கன் வாங்கினார்கள். மூலையில் எழுந்து கும்பிட்டவர் வந்தார். அவருக்கும் கொடுத்தாள். யாரும் அவளிடம் பேசவில்லை. பெரியப்பா தன் டோக்கனைத் தானே வந்து வாங்காமல் ஆள் அனுப்பினார்.

வெளியே கிடாய்களை வரிசையாகக் கட்டியிருந்தார்கள். முதலில் குருவம்மாளின் கிடாய், கழுத்தில் மாலையோடு நின்றது. குருவம்மாள் நேராகக் கொட்டகைக்குள் வந்தாள். வரிசை விலகியது.

"எம் பேரைப் போடுத்தா. என்னமோ சொல்லுதாம்ல அது. போன்ல பய சொன்னான். எங்கண்ணு முன்னால சொல்லட்டும்."

"மதினி, இங்க எதுக்கு நீங்க?" பெரியப்பா ஓடிவந்தார். "அந்த மிசினை அமத்துத்தா."

முருகலட்சுமி அமர்த்தவில்லை. பெயரைப் பதிந்தாள். வந்ததை உரக்கப் படித்தாள். வழக்கமான குரலில்தான் படித்தாள், ஆனால் கொட்டகை அமைதியாக இருந்ததால் வெளியே வரைக்கும் கேட்டது. பதிவு ஏற்கப்படவில்லை. காரணம், பெண். விதியை வகுத்தது, விழாக் குழு.

குருவம்மாள் திரையைப் பார்த்தாள். பிறகு கொழுந்தனைப் பார்த்தாள்.

"குழுவா சொல்லுச்சு?"

"மதினி, அது வந்து—"

"சாமிக்கு ஆகாதுன்னீக. தாலியறுத்தவ கைபட்டா சாமி கோவிச்சுக்கும்னீக. இத்தனை வருசமா நானும் சாமின்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன். குழுன்னா யாரு? நீதான மாரிச்சாமி? நீ சின்னப் பயலா மூக்கொழுக நின்னப்ப கஞ்சி ஊத்துனேனே, நீதான?"

யாரோ சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டார்கள்.

அவள் வெளியே போனாள். தன் கிடாயின் கயிற்றை அவிழ்த்தாள். மாலையைக் கழற்றிக் கோயில் படியில் வைத்தாள்.

"ஏ மதினி! நேந்த கிடாய்! அவுக்கக் கூடாது!"

"நேந்தது சாமிக்கு. சாமி கேட்டா நான் பேசிக்கிறேன். குழுவுக்கு நான் எப்ப நேந்தேன்?"

முதல் வெட்டுக்கு அரிவாளோடு நின்றவன் என்ன செய்வதென்று தெரியாமல் பெரியப்பாவைப் பார்த்தான். பெரியப்பா கொட்டகைக்குள் திரும்பி வந்தார். அவர் முகத்தில் வியர்வை வழிந்தது.

"அவுகளை மட்டும் சேத்துருத்தா. இப்பவே. டோக்கன் குடுத்துரு. ஒனக்கும் ஒண்ணு அடிச்சுக்க. எல்லாரும் பாக்க நானே சொல்றேன்."

"விதியை மாத்தவா?"

அவர் குழுவைப் பார்த்தார். குழு கிடாய்களைப் பார்த்தது. அவள் விரல்களைப் பொத்தான்கள் மேல் வைத்துக் காத்திருந்தாள். ஒரு வார்த்தை போதும். யாரும் சொல்லவில்லை. மூலைக்காரர் மட்டும், "அடுத்த கிடாயை இழுங்கப்பா, வெயிலேறுது" என்றார்.

அடுத்த கிடாயை இழுத்தார்கள். முதல் வெட்டு அதற்கு விழுந்தது.

மீதி டோக்கன்களை அச்சடித்து முடித்தாள். தார்ப்பாயில் கறி குவியத் தொடங்கியபோது லேப்டாப்பைப் பையில் வைத்தாள். மாரிக்கண்ணன் பக்கத்தில் வந்தான்.

"இருக்கா. எங் கூறுலருந்து ஒனக்குத் தாரேன்."

"ஒங் கூறு ஒனக்கு."

"தளத்தை என்னக்கா செய்யப் போற?"

"அப்பிடியே இருக்கும். கேக்குறவங்களுக்குச் சொல்லும்."

பஸ் நிற்கும் இடத்தில் குருவம்மாள் கிடாயோடு நின்றிருந்தாள். அவள் குடியிருக்கும் ஊர் நரிக்குடி ரோட்டில் இரண்டு நிறுத்தம் தள்ளி இருந்தது. பஸ் வந்தது. கண்டக்டர் ஆட்டைப் பார்த்துவிட்டு, "ஆடெல்லாம் ஏத்த முடியாது ஆத்தா" என்றார்.

"அதுக்கும் ஒரு விதியா?" என்றாள் குருவம்மாள்.

"ஆமா."

"இவனாவது மொகத்துக்கு நேராச் சொல்றான்." கயிற்றைச் சுற்றிப் பிடித்து நடக்கத் தொடங்கினாள்.

முருகலட்சுமி பஸ்ஸில் ஏறவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவளோடு நடந்தாள். இருபுறமும் சீமைக்கருவேல் நின்றது. மாசி வெயிலில் தார் பளபளத்தது. பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. யாரோ எங்கோ ஒரு பெயரைப் பதிந்து பார்க்கிறார்கள், அல்லது பெரியப்பா கூப்பிடுகிறார். அவள் எடுத்துப் பார்க்கவில்லை.

"மெதுவாப் போத்தா" என்றாள் பின்னாலிருந்து குருவம்மாள். "ஆடு வர வேணாமா?"

அவளால் மெதுவாக நடக்க முடியவில்லை.